யளனகவும் வலது கால் கியரும்: தேவிபட்டினத்தில் ஓராண்டில் நடந்த இரண்டு மாற்றங்கள்

பின்னணி

முப்பது ஆண்டுகள் தட்டச்சுப்பொறியின் விசைமுறையிலேயே தமிழ் அடித்துப் பழகிய ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் தமிழ்99 விசைமுறைக்கு மாறினார். அதே ஆண்டில் அதே ஆள், பதினோரு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த 1982ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றைப் பிரித்துக் கழுவிப் பூட்டி மீண்டும் சாலையில் ஓட்டினார். அந்த ஆள் நான்தான் என்பதால் இனித் தன்மையிலேயே எழுதுகிறேன்.

இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலுக்கும் பின் பிரேக் இடது காலுக்கும் அமைந்திருக்கும். நான் நாள்தோறும் ஓட்டும் நூறு சி.சி. வண்டியிலோ, இன்று விற்கும் எல்லா வண்டிகளிலும் உள்ளதுபோல, கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம். ஆகவே அந்த ஆண்டு என் விரல்களும் கால்களும் ஏறத்தாழ ஒரே சோதனைக்கு உட்பட்டன. ஆனால் இரண்டும் ஒரே விதமாகத் தேறவில்லை. ஏன் என்று கண்டுகொள்ளவே அப்போது எழுதி வைத்த குறிப்பேட்டை இப்போது திரும்ப எடுத்திருக்கிறேன்.

வீடு தேவிபட்டினத்தில், கடலுக்குள் நவக்கிரகங்கள் உள்ள நவபாஷாணக் கோயிலுக்கு வடக்கே, கரையிலிருந்து நடந்து ஐந்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. பிழைப்பு இராமநாதபுரத்தில், பத்திரம், மனு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை அடித்துக் கொடுக்கும் சிறிய ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இடையே உள்ள பதினைந்து கிலோமீட்டரைத்தான் நூறு சி.சி. வண்டி தினமும் கடக்கிறது. புல்லட் என் தகப்பனாருடையது. அவர் கருவாட்டு வியாபாரி. திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி என்று கரையோரமாகவே போய்ச் சரக்கெடுத்து, பின் கேரியரின் இருபுறமும் சாக்குகளைத் தொங்கவிட்டுக் கொண்டுவருவார். அவர் காலமான பிறகு வண்டியை யாரும் தொடவில்லை.

விரலின் நிலை

தட்டச்சுத் தேர்வின் ‘லோயர்’, ‘ஹையர்’ நிலைகள் இரண்டும் நான் தேறியது உண்மையான தட்டச்சுப்பொறியில். இடக்கையின் முதற் பாடம் ‘யளனக’. தமிழ்த் தட்டச்சு படித்த எவரையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழை ஒரு பொறிக்குள் அடக்கினார். அவருக்கு முன்னிருந்தது மொழிச் சிக்கல் மட்டுமன்று, இரும்புச் சிக்கலும் ஆகும். இத்தனை எழுத்து வடிவங்களை இத்தனை கம்பிகளில் ஏற்ற வேண்டும் என்பதால், அந்த மரபில் எழுத்துகள் காதில் விழும் வரிசையில் அல்லாமல் தாளில் விழும் வரிசையில் அமைந்தன. ‘கொ’ என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என மூன்று தட்டு. உகர எழுத்துகள் பலவும் அகர எழுத்தின் தலைமேல், ஷிப்டு விசையோடு அமர்ந்தன: கவுக்கு மேல் கு, தவுக்கு மேல் து, மவுக்கு மேல் மு, டவுக்கு மேல் டு.

இந்தக் கடைசி விவரந்தான் என்னை வீழ்த்தியது. த, ம, ட மூன்றும் வலக்கையில் இருப்பதால், து, மு, டு வரும்போதெல்லாம் இடக்கைச் சுண்டுவிரல் ஷிப்டை அழுத்தியாக வேண்டும். பத்திரத் தமிழில் ‘எழுதிக்கொடுத்தது’, ‘பாத்தியப்பட்டது’, ‘கட்டுப்பட்டது’ என்று வரிக்கு வரி து வரும். பல ஆண்டுகளாக வந்து வந்து போன வலி, 2023 தொடக்கத்தில் காலையில் விரலை நீட்ட முடியாத அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். கடையை மூட வழியில்லை. ஷிப்டை விட ஒரு வழி இருந்தது.

தமிழ்99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசால் ஏற்கப்பட்ட விசைமுறை. உயிரெழுத்துகள் இடக்கையிலும், வ, ங போன்ற சில நீங்கலாக மெய்யெழுத்துகள் வலக்கையிலும் இருக்கின்றன. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கும். க, ஒ என்று இரண்டே தட்டில் ‘கொ’ வந்துவிடுவதால், நாம் திண்ணைப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே வரிசையில் விரல்கள் போகின்றன. ஷிப்டு ஏறத்தாழத் தேவையில்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும்தான் வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அடித்தாலும் அப்படியே. ண, ட என்றடித்தால் ‘ண்ட’. ஆகவே ‘வண்டி’ என்ற சொல் நான்கே தட்டு.

என் கடையில் உதவிக்கு இருக்கும் பெண் கைப்பேசியில் ஆங்கில எழுத்தை வைத்தே தமிழ் அடிக்கும் தலைமுறை. நான் பயிற்சி செய்வதைச் சில நாள் பார்த்துவிட்டு, “அண்ணே, அம்மான்னு அடிக்க நான் அஞ்சு தட்டு தட்டுறேன், நீங்க நாலு தட்டுறீங்க. இந்த ஒண்ணுக்காகவா இந்தப் பாடு?” என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஒரு தட்டு மிச்சமாவதற்காக யாரும் முப்பது ஆண்டுப் பழக்கத்தை விடுவதில்லை. 1936இல் அமெரிக்காவில் ஆகஸ்ட் டுவொராக் தம் ஆங்கில விசைமுறைக்குக் காப்புரிமை பெற்றும் உலகம் பழைய வரிசையிலேயே தங்கிவிட்டதற்கும் காரணம் இதுவே என்பது என் எண்ணம்: சிறிதளவு மேம்பாட்டைக் காட்டி மனிதரை மாற்ற முடியாது, வலி வந்தால்தான் மாறுவார்கள்.

வண்டியின் நிலை

சித்திரையில் கொட்டகையைத் திறந்தபோது கிக்கர் அசையவில்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ரிம்களில் குரோம் உரிந்து செதில் செதிலாக நின்றது. பின் மட்காடும் கேரியர் தாங்கியும் ஷாக் அப்சார்பரின் கீழ்க் காதுகளும் மற்ற இடங்களைவிட மோசமாக அரித்துப்போயிருந்தன. கருவாட்டுச் சாக்குகள் தொங்கிய இடங்கள் அவை. கடலைவிட உப்பு மிகுந்த நீர், அப்பாவின் வியாபாரம் முழுக்க, அங்கேதான் சொட்டியிருக்கிறது.

இந்தக் கரையில் துரு ஏன் இவ்வளவு கொடுமையானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நானும் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அது ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது உச்சி வெயிலில் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. இரும்பு நனைந்து காய்ந்து நனைவதில்லை, நனைந்தே இருக்கிறது. அலுமினியத்துக்கு வேறு கேடு. அதைக் காக்கும் மெல்லிய ஆக்சைடுத் தோலைக் குளோரைடு குத்திக் குழி பறிக்கிறது. அந்த அலுமினியத்தில் ஓர் இரும்புத் திருகைப் பூட்டி உப்பு நீரையும் ஊற்றினால், அது சின்ன பேட்டரியாகவே மாறி அலுமினியத்தைத் தின்னும். புல்லட் எஞ்சினின் உறைகள் எல்லாம் அலுமினியம், திருகுகள் எல்லாம் இரும்பு.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் வழக்கில் சிக்ரி, மண்டபத்தில் அரிப்புச் சோதனைக்கென்றே இடம் வைத்திருப்பது சும்மா அன்று. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றதென்றால், அதற்கு ஓயாமல் பூசிய வண்ணமும் ஒரு காரணம். நம் வண்டிகளுக்கு யார் பூசுகிறார்கள்?

வேலையின் போக்கு

இராமநாதபுரத்தில் பழைய புல்லட்டுகளை மட்டுமே பார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். வண்டியைக் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கு முன்பே ஆள் சொல்லியனுப்பிவிட்டார்: “தம்பி, கழட்டுறதுக்கு முந்திக் கழுவு. கழுவுறதுக்கு முந்தித் தண்ணிய நக்கிப் பாரு.” அப்போது சிரித்தேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உவர். அப்பா வாரந்தவறாமல் அந்த நீரில்தான் வண்டியைக் கழுவிப் பளபளப்பாக வைத்திருந்தார். ஒவ்வொரு கழுவலும் உப்பின் மேல் உப்பைப் பூசியிருக்கிறது. காவிரிக் குடிநீர் குடக்கணக்கில் வருவது; அதை வண்டிக்கு ஊற்ற மனம் வரவில்லை. ஊருணியில் அந்த ஆண்டு நீர் இருந்தது. மூன்று நாள், நாளுக்கு எட்டுக் குடம்.

இறுகிய எஞ்சினுக்கு அவசர வைத்தியம் கிடையாது. பிளக்கைக் கழற்றி டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஒன்பது நாள் விட்டோம். கிக்கரை யாரும் மிதிக்கக் கூடாது என்று பாய் அதன் மேல் துணி கட்டிவைத்தார். பத்தாம் நாள், நாலாம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபோது பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. உள்ளே, ரிங்குகள் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரைச் சுற்றிக் கோடாகத் துரு. 70 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. கொண்ட இரும்புச் சிலிண்டர் அது. மதுரையில் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, மேலளவு பிஸ்டன் ஏற்றினோம். கிடைக்காத சில்லறைச் சாமான்கள் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தன. திருகுகளில் ஏழு தலை முறிந்தன; சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, மீண்டும் சூடுகாட்டி எடுத்தவை மற்றவை.

பெட்ரோல் டேங்கின் உட்புறத்தை மின்பகுப்பு முறையில் நானே வீட்டில் சுத்தம் செய்தேன். பெட்ரோல் வாடையே இல்லாதபடி பலமுறை அலசிவிட்டு, சலவைச் சோடா கரைத்த நீரால் நிரப்பி, வாய் வழியே ஒரு கட்டுமானக் கம்பித் துண்டை டேங்கில் படாமல் தொங்கவிட்டு, சார்ஜரின் நேர்முனையைக் கம்பிக்கும் எதிர்முனையை டேங்குக்கும் கொடுக்க வேண்டும். துரு தளர்ந்து கறுப்புச் சேறாகிவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், பீடி சிகரெட்டு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். எவர்சில்வர் கம்பியைத் தொங்கவிடவே கூடாது, அதிலிருந்து குரோமியத்தின் நச்சு வடிவம் நீரில் இறங்கும். எல்லாம் சரியாக நடந்தது. கொட்டிக் கழுவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து டார்ச் அடித்தால் உட்புறம் முழுவதும் ஆரஞ்சு நிறம். வெறும் இரும்பு இந்தக் காற்றில் ஒரு தேநீர் நேரங்கூடத் தாங்காது. இரண்டாம் முறை, கழுவிய கையோடு டீசலும் ஆயிலும் ஊற்றிச் சுழற்றினேன்.

வண்ணம் பூசியது ஆடியில். எங்கள் ஊர் கிழக்கே பாக் விரிகுடாவைப் பார்த்திருக்கிறது. வாடையும் கொண்டலும் அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை திவலையோடுதான் காற்று வரும். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் தரையிலிருந்து வருவது. புழுதி உண்டு, உப்பு குறைவு. புழுதியை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். வண்ணத்துக்கு அடியில் சிக்கிய உப்பை எதனாலும் எடுக்க முடியாது.

இரண்டு முடிவுகளில் பாய்க்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. கியரை இடப்பக்கத்துக்கு மாற்றும் சாமான்கள் கிடைக்கின்றன, மாற்றிவிடலாம் என்றார் அவர், நான் மறுத்தேன். தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பழைய பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம் என்றேன் நான்; அவர் மறுத்தார். நடுரோட்டில் நின்றால் பாயிண்ட்டை ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்து ஓட்டிவரலாம், மற்றதை வைத்துக்கொண்டு வானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். இருவருமே வென்றோம்.

பாயிண்ட்டை வைத்துக்கொண்டதற்கு என் கால் விலை கொடுத்தது. ஆவணியில் முதன்முதல் உதைத்த அன்று, கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே சதை கறுத்துவிட்டது. வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்கூட்டி விடும் சிறிய எடைகள் பாயிண்ட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. மற்றவற்றையெல்லாம் பிரித்த நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. துருவால் அது முன்கூட்டிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்கு முன்பே தீ விழுந்தால், உதைத்தவன் பக்கமே உதை திரும்பும். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகு, சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்ததும் விட்டு ஒரே மிதி; வண்டி பிடித்துக்கொண்டது.

மாறும் காலத்தில் கண்டவை

விசைப்பலகைக்குத் திரும்புகிறேன். பழைய முறையில் என் வேகம் நிமிடத்துக்கு 42 சொற்கள். ஒரு கிரயப் பத்திரத்தின் நான்கெல்லைப் பக்கத்தையே ஒவ்வொரு ஞாயிறும் அடித்து அளந்தேன். தமிழ்99இல் முதல் வாரம் 5, மூன்றாம் வாரம் 11, ஏழாம் வாரம் 13. அதாவது ஒரு மாதம் அங்கேயே நின்றேன். அந்த மாதம் முழுதும் பகலில் கடையில் பழைய முறை, இரவில் வீட்டில் புதிய முறை.

குழப்பத்தின் தன்மை எனக்கு வியப்பாக இருந்தது. இரு முறைகளின் நடு வரிசையையும் ஒப்பிட்டால், ம மட்டும் இரண்டிலும் ஒரே விசையில், வலக்கை நடுவிரலின் கீழ் இருக்கிறது. அந்த ஓர் எழுத்து எனக்குத் துணையாகும் என்று எதிர்பார்த்தேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. புதிய முறையில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ம வந்தால், விரல் தன் பழைய வீட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். அடுத்த எழுத்து பழைய இடத்துக்குப் போய்விடும். இடக்கைச் சுட்டுவிரலின் கீழே, மேடு தட்டும் விசையில், முன்பு க இருந்தது. தமிழ்99இல் அங்கே புள்ளி. ‘மக’ என்று தொடங்கும் சொற்களெல்லாம் எனக்கு ‘ம்’ ஆயின. ‘மகன்’, ‘மகள்’ இல்லாத பத்திரம் ஏது?

அதே வாரங்களில் புல்லட்டையும் நூறு சி.சி. வண்டியையும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே குழப்பம் இல்லை என்றே சொல்லலாம். புல்லட்டில் முதல் கியர் மேலே தூக்க, மற்ற மூன்றும் கீழே மிதிக்க. சின்ன வண்டியில் நான்கும் கீழே. பக்கமும் வேறு, போக்கும் வேறு. இருந்தும் ஏறி உட்கார்ந்த நொடியில் கால் தன் வேலையை அறிந்துகொண்டது. இருக்கையின் உயரம், கைப்பிடியின் அகலம், தொடையில் ஏறும் அதிர்வு எல்லாம் சேர்ந்து இது இன்ன வண்டி என்று உடம்புக்குச் சொல்லிவிடுகின்றன. விசைப்பலகை அப்படி எதையும் சொல்வதில்லை. ஒரே கறுப்புப் பலகை, ஒரே தொடுகை. உள்ளே மென்பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு வண்டிகளை ஓட்டுவதன்று அது. ஒரே வண்டியில் நாளொரு பக்கமாகக் கியரை மாற்றி வைப்பது.

இதைக் கண்டதும் எட்டாம் வாரத்தில், விசைகள் ஆழமாக இறங்கிச் சத்தமிடும் வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி, தமிழ்99ஐ அதில் மட்டுமே அடித்தேன். பழைய முறைக்குப் பழைய கறுப்புப் பலகை. பன்னிரண்டாம் வாரம் 27 சொற்கள், இருபதாம் வாரம் 38. இடையே பத்தாம் வாரத்திலிருந்து கடை வேலையையும் புதிய முறைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனவே ஏற்றம் முழுவதையும் வெள்ளைப் பலகையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட இரு வாரங்களில், இரண்டு முறைகளிலும் வேலை செய்துகொண்டிருந்தபோதே, வேகம் 13இலிருந்து 19 ஆனது. சுண்டுவிரல் வலி ஐப்பசி வாக்கில் நின்றது.

தமிழ்99இன் தானியங்கிப் புள்ளி வரமும் தொல்லையும் ஆகும். ‘மண்டபம்’, ‘பாம்பன்’, ‘தங்கச்சிமடம்’ எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ‘சரணடைந்தார்’ என்று மனுவில் அடித்தால் ண, ட அடுத்தடுத்து வருவதால் ‘சரண்டைந்தார்’ ஆகிவிடும். பத்திரத்தில் இன்னும் அடிக்கடி வருவது ‘கிராமப் பஞ்சாயத்து’. ம, ப சேர்ந்ததும் புள்ளி விழுந்து ‘கிராம்ப்’ என்று நிற்கும். இடையே அகரத்தை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. விதி எளியது. விரலுக்கு அது ஏற மூன்று மாதமாயிற்று.

அவசரத்தில் நேர்ந்தவை

இதுவரை சொன்னதை வைத்துக் கால் தேறியது, விரல் சிரமப்பட்டது என்று முடித்திருப்பேன். கார்த்திகையில் நடந்த இரு நிகழ்ச்சிகள் அப்படி முடிக்க விடவில்லை.

மழை விட்ட ஒரு காலை, புல்லட்டில் ஊரிலிருந்து புறப்பட்டு மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. என் வலது கால் முழுப் பலத்தோடு மிதித்தது. சின்ன வண்டியில் அங்கே பிரேக் இருந்திருக்கும். புல்லட்டில் அது கியர். அதுவும் கீழே மிதித்தால் மேல் கியர் விழும் கியர். நிற்க வேண்டிய வண்டி நாலாம் கியருக்குப் போய்விட்டது. கைப்பிரேக் பிடித்ததாலும் ஆட்டுக்கு என்னைவிடப் புத்தி இருந்ததாலும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு மாதங்களாக ஒருமுறைகூடத் தவறாத கால் அது.

மற்றொன்று அதே வாரம். அப்பாவின் பெயரிலிருந்த வண்டியை என் பெயருக்கு மாற்ற 31ஆம் படிவமும், காலாவதியான பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 25ஆம் படிவமும், அவற்றோடு வாரிசுகளின் ஒப்புதலாகச் சத்தியப் பிரமாணமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுப்பவன் தன்னுடையதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன். அலுவலகம் மூட அரை மணி இருக்கையில், அக்கா தங்கை இருவரும் கையெழுத்துப் போடக் காத்திருக்க, வெள்ளைப் பலகையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வரி ஒழுங்காக வந்தது. பெரிய அக்கா, “தம்பி, மணியாச்சு” என்றார். அடுத்த வரியைத் திரையில் பார்த்தபோது அது எந்த மொழியிலும் இல்லை. கைகள் முழுக்க யளனகவுக்குப் போயிருந்தன. சத்தமிடும் விசையோ வெள்ளை நிறமோ தடுக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்து, பத்து எண்ணிவிட்டு மீண்டும் அடித்தேன்.

ஆக, வண்டியின் வடிவமோ பலகையின் தொடுகையோ உடம்புக்குக் கொடுக்கும் குறிப்பு, அமைதியான நேரத்தில் போதும். பதறும் நேரத்தில் அந்தக் குறிப்பைக் கேட்கும் முன்பே மிகப் பழைய பழக்கம் புறப்பட்டுவிடுகிறது. வலது காலுக்குப் பிரேக்கு என்பது எனக்கு இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம், இடக்கைக்கு யளனக முப்பது. புதியதைப் பயிற்சி செய்தபோது நான் ஒருமுறைகூட அவசரத்தைப் பயிற்சி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், காலை உணவுக்குப் பின், மின்விசிறிக்கடியில்தான் அளந்தேன். அந்த அளவீட்டின் பெரிய குறை அதுவே. அதன் பிறகு உதவிக்கு இருக்கும் பெண்ணை அலாரம் வைத்துக்கொண்டு பின்னால் நின்று விரட்டச் சொன்னேன். அது அந்த வேலையை மிகவும் விரும்பிச் செய்தது. புல்லட்டுக்கு, வீட்டுக்குப் பின்னுள்ள உப்பு மண் திடலில் நாளும் பத்து முறை திடீரென்று நிறுத்திப் பார்த்தேன். இடது காலும் வலது கையும் ஒன்றாக இறங்கும் வரை.

இன்றைய நிலை

வேகம் இப்போது 44. கறுப்புப் பலகை மேசை இழுப்பறையில் இருக்கிறது. தட்டச்சுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன், நான் தொடுவதில்லை. வண்டியின் பதிவு ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. முறிந்த இரும்புத் திருகுகளுக்குப் பதில் எவர்சில்வர் திருகு போட்டேன். அதுவும் அலுமினியத்தோடு உப்பில் பகைதான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இறுகி ஒட்டாமல் காக்கும் ஆன்டிசீஸ் பசை தடவி, ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பூட்டுகிறேன். முன் ரிம்மில், ஸ்போக்ஸ் நுழையும் துளைகளைச் சுற்றி, போன மார்கழியில் மீண்டும் பழுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. வாடை முடிந்ததும் அதைப் பிரிக்க வேண்டும். கொட்டகையின் கிழக்குப் பக்கத்துக்குக் கீற்று போதாது, சுவர் வைத்துவிடு என்கிறார் பாய்.